கலவரத்துக்கு ஆள் சப்ளை

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரத்தில் 'மீன்தொட்டியின் விவாகரத்து' என்றொரு பாலே நாட்டியம் அரங்கேறியது. கனவில் வருவது மட்டுமே கலை என்று நம்பிய சிலர் கூடிச் செய்தது அது. தலைக்குப் பதிலாகத் துணி அலமாரியை வைத்திருக்கும் ஒருவன் தையல் எந்திரத்தைக் கட்டிப்பிடித்து ஆடுவான். மணப்பெண் ஒரு ஏணியில் ஏறுவாள், இறங்கமாட்டாள். வயலின்களுக்கு நடுவே ஒரு தட்டச்சு எந்திரமும் ஒரு கப்பல் சங்கும் ஒலிக்கும். கடைசியில் ஓர் ஒட்டகம் மேடைக்கு வந்து தொலைபேசி ஒன்றை ஈன்றெடுக்கும். அதோடு திரை விழ வேண்டும். ஆனால் முதல் நாள் யாரும் அதுவரை பொறுத்திருக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். தக்காளி எறிந்தார்கள். நாற்காலிகளை உடைத்தார்கள். போலீஸ் வந்தது. மறுநாள் காலையில் அந்தப் பாலே உலகப் புகழ் பெற்றிருந்தது.

எமிரேட்ஸில் இயங்கும் வளைகுடா முன்னணிக் கலை மன்றம் இந்தப் பாலேயை அப்படியே மீண்டும் மேடையேற்றுவது என்று தீர்மானித்தது. 'அப்படியே' என்ற சொல்லில் மன்றம் உறுதியாக இருந்தது. அதே உடைகள், அதே இசை, அதே ரகத் தட்டச்சு எந்திரம். ஒட்டகத்தில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம். இந்த மண்ணில் ஒட்டகத்துக்கென்று ஒரு மரியாதை இருப்பதால், அது நாலு பேர் முன்னால் தொலைபேசி ஈனுவது முறையாகாது என்று ஓர் உபகுழு கருதியது. ஒட்டகம் ஒட்டகச்சிவிங்கி ஆனது. மற்றதெல்லாம் அப்படியே.

அப்போதுதான் ஆய்வுப் பிரிவு ஒரு குறிப்பு அனுப்பியது. அந்தப் பாலேயின் பாதி மேடையில் நடந்தது, மறுபாதி பார்வையாளர் பக்கம் நடந்தது. கலவரம் இல்லாமல் நடத்தினால் அது அரைகுறைப் பாலே. மன்றம் அரைகுறையாக எதையும் செய்ததில்லை. ஆகவே கலவரத்துக்கும் டெண்டர் விடப்பட்டது.

டெண்டரை எடுத்தது ஜெபல் அலிப் பக்கம் தொழிலாளர் கேம்ப் வைத்திருந்த ஓர் ஆள் சப்ளை கம்பெனி. அந்தக் கம்பெனி கட்டட வேலைக்கு ஆள் கொடுக்கும், கிடங்கு வேலைக்கு ஆள் கொடுக்கும், விடுமுறை நாட்களில் காலி நாற்காலிகளுக்கும் ஆள் கொடுக்கும். யாரும் வராத கால்பந்தாட்டம், யாரும் கேட்காத தன்னம்பிக்கைச் சொற்பொழிவு, எதுவானாலும் கேம்ப் பஸ்கள் வரிசையாகப் போய் நிற்கும். கம்பெனி பனியன் போட்ட முன்னூறு பேர் இறங்கி, நாற்காலிகளை நிரப்பி, கைதட்டிவிட்டு, ஜூஸும் பிரியாணிப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். எப்போது கைதட்டுவது என்ற குழப்பம் யாருக்கும் கிடையாது. கேம்ப் பாஸ் முகம்மது ரிபாய் ஓரமாக நின்றுகொண்டிருப்பார். அவர் தொப்பியைக் கழற்றினால் தட்ட வேண்டும். தொப்பி திரும்பத் தலையில் ஏறினால் நிறுத்த வேண்டும். இடையில் மேடையில் என்ன நடந்தாலும் அது அவர்கள் விவகாரம் அல்ல. இந்த ஏற்பாட்டில் இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

சோலைமுத்து சாரம் கட்டுகிறவன். சிவகங்கைப் பக்கம். ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறான். பேச்சு குறைவு. ஆனால் இருபதாவது மாடியில் நின்றுகொண்டு கீழே இருப்பவனிடம் பைப்பும் கிளாம்ப்பும் கேட்டுக் கேட்டு அவன் குரல் வளர்ந்திருந்தது. மன்றத்திலிருந்து ஆள் தேர்வுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரையும் கத்தச் சொன்னார்கள். பெரும்பாலோர் கூச்சத்தோடு இருமினார்கள். சோலைமுத்து, வேறென்ன கத்துவது என்று தெரியாமல், "கிளாம்ப்!" என்றான். கேம்ப் மெஸ்ஸின் தட்டுகள் அதிர்ந்தன. பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த இயக்குநர் கண்களை மூடிக்கொண்டார். சோலைமுத்து 'முதல் குரல்' என்று பதிவானான். அவன் எழுந்து கத்திய பிறகுதான் மற்ற முன்னூறு பேரும் கத்த வேண்டும்.

அவன் கேட்டது ஒன்றே ஒன்று. லீவு.

அவன் மனைவி நாகவள்ளிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று அரசு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கணவன் கையெழுத்து வேண்டும். அவன் லீவு தள்ளிப்போனதால் ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போயிற்று. மூன்றாவதாகக் குறித்த நாள் ஒரு வியாழக்கிழமை. பாலே அதற்கு முந்தைய சனிக்கிழமை. கம்பெனியில் கேட்டால், டெண்டரில் அவன் பெயர் ஏறிவிட்டது, மன்றம் விடுவித்தால்தான் லீவு என்றார்கள். மன்றத்தில் கேட்டபோது துணைச் செயலாளர் சேதுமாதவன் பெருந்தன்மையோடு சிரித்தார்.

"சனிக்கிழமை நன்றாகக் கத்துங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். மன்றம் கலைஞர்களைக் கைவிடாது."

அன்று மாலை நாகவள்ளி போன் செய்தாள்.

"ஏங்க, டாக்டரம்மா இந்த வாட்டி கண்டிசனாச் சொல்லிட்டாங்க. இப்படியே ரத்தம் போனா ஒடம்புல என்ன இருக்கும்ங்கிறாங்க. எந் தம்பி கையெழுத்துப் போட்டா ஆகாதான்னேன். ஆகாதாம்."

"வந்துருவேன்னு சொல்லு."

"போன தடவையும் அதான் சொன்னேன். அந்த நர்சு, 'ஏம்மா, ஒங்க வீட்டுக்காரரு நெசமாவே இருக்காரா'ன்னு கேக்குது."

சோலைமுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுடைய தொலைபேசிப் பேச்சில் பாதி நேரம் இப்படித்தான் போகும். அவள் காத்திருப்பாள், அவன் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்கும்.

"இப்ப என்ன வேல குடுத்துருக்காங்க?"

"சத்தம் போடுற வேல."

"ஒங்களுக்கா?" என்று சிரித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கும் போல. பாதியில் நிறுத்திவிட்டாள்.

மன்றத்தின் ஒத்திகைக் கூடத்தில் முதல் நாள் சேதுமாதவன் உரையாற்றினார். தொழிலாளர்கள் வழக்கம்போல ரிபாயின் தொப்பியைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள்.

"நண்பர்களே, கலகம் என்பது நம்முடைய ஐந்தாண்டுத் திட்டத்தின் மூன்றாவது தூண். உலகத் தரமான சீற்றத்தை இந்தப் பிராந்தியத்துக்குக் கொண்டுவருவதில் நாம்தான் முன்னோடிகள். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாம் யாருக்கும் எதிரானவர்கள் அல்ல. எதற்கும் எதிரானவர்கள் அல்ல. ஆகவே நம்முடைய எதிர்ப்பு யாரையும் குறிக்காது, எதையும் குறிக்காது. சுதந்திரமாகப் பொங்குங்கள். எப்போது பொங்க வேண்டும் என்று சொல்லப்படும்."

ரிபாய் தொப்பியைக் கழற்றினார். கைதட்டல் எழுந்தது. தொப்பி ஏறியது. நின்றது. சேதுமாதவன் மனம் நெகிழ்ந்தார்.

பிறகு பயிற்சி. அதற்குப் பொறுப்பு அகிலா. ஷார்ஜாவில் வளர்ந்த பெண், மன்றத்தின் சமூகப் பங்கேற்பு அதிகாரி. சோலைமுத்துவின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்கிள், ஆக்ட் பண்ணாதீங்க. ட்ரூவா கோபம் வரணும். உங்க லைஃப்ல ரொம்பக் கோபம் வந்த ஒரு மெமரிய யோசிங்க. ஓகே?"

சோலைமுத்து யோசித்தான். நெடுநேரம் யோசித்தான். அகிலா கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"வந்துருக்கும்மா," என்றான் கடைசியில். "ஆனா அப்ப டூட்டியில இருந்தேன்."

பக்கத்தில் நின்ற செல்வசிங் தலையை ஆட்டினான். குளச்சல்காரன், சோலைமுத்துவின் ரூம்மேட், கேம்ப்பில் ஏசி மெக்கானிக். "மேடம், இவனுக்குக் கோவம் வந்தா ராத்திரி சாப்பிடாம கெடப்பான் கேட்டேளா. அதுதான் இவனுக்க கலவரம். வேற ஒண்ணும் எதிர்பாக்காதீங்க."

"அப்ப அதை வெளிய கொண்டுவாங்க அங்கிள். லெட் இட் அவுட்!"

அடுத்தது, என்ன கத்துவது என்ற கேள்வி. தாய்மொழியில் கத்தினால்தான் உண்மையாக இருக்கும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். முதல் வாசகம் 'நிறுத்துங்கள்! இது அவமானம்!' என்று எழுதப்பட்டது. சட்டப் பிரிவு அதைப் பார்த்தது. 'அவமானம்' என்பதை யாராவது தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம். அது போயிற்று. பாதுகாப்புப் பிரிவு பார்த்தது. 'நிறுத்துங்கள்' என்றால் மேடை எந்திரத்தை இயக்குகிறவர் உண்மையிலேயே நிறுத்திவிடுவார், ஏணியில் பெண் இருக்கிறாள். அதுவும் போயிற்று. இப்போது ஆச்சரியக்குறிகள் மட்டும் மிஞ்சின. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு குழு மூன்று அமர்வுகள் கூடி, 'எனக்கு இதில் உடன்பாடு சற்றுக் குறைவு' என்ற வாசகத்தை எட்டியது. விளம்பரப் பிரிவு கடைசியில் 'இருப்பினும் நன்றி' என்று சேர்க்கச் சொன்னது. சேர்க்கப்பட்டது.

சோலைமுத்து அதை மனப்பாடம் செய்தான். பைப் கேட்கும்போது வருகிற குரல் இதற்கு வர மறுத்தது. எவ்வளவு முயன்றாலும் கம்பெனி ஆபீஸ் ஜன்னலில் நின்று பேசுகிற குரல்தான் வந்தது.

தக்காளிகள் பஞ்சால் செய்யப்பட்டன. உணவை வீணாக்கக் கூடாது என்பது மன்றத்தின் கொள்கை. உடைக்க வேண்டிய நாற்காலிகள் நான்கும் இத்தாலியிலிருந்து வந்தன. தொட்டாலே உடையும்படி செய்யப்பட்டவை என்பதால் அவற்றை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலாளி நியமிக்கப்பட்டார். உடையாத நாற்காலிகளுக்குக் காவல் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கலை எழுப்பியவர் பாதுகாப்பு அதிகாரி விஜயபாஸ்கர். திருச்சிக்காரர். ருவைஸ் எண்ணெய் ஆலையில் பல வருடம் இருந்துவிட்டு மன்றத்துக்கு வந்தவர். எந்த வேலைக்கும் ஒரு பெர்மிட் வேண்டும் என்பது அவர் மதம். கலவரத்துக்கு என்ன பெர்மிட்? உயரத்தில் வேலை செய்வதற்கு உண்டு. குழிக்குள் இறங்குவதற்கு உண்டு. கலவரம் பட்டியலில் இல்லை. இரண்டு நாள் யோசித்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வெல்டிங் மாதிரி நெருப்புப் பொறி பறக்கும் வேலைகளுக்குக் கொடுக்கிற 'ஹாட் ஒர்க்' பெர்மிட்தான் பொருந்தும்.

வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டிப் பாதுகாப்பு பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் அவர் விளக்கினார். "கோபமும் ஒரு ஹாட் ஒர்க்தான். ஸ்பார்க் எங்க போய் விழும்னு சொல்ல முடியாது. அதனால முதல் குரல் பக்கத்துல ஒரு ஃபயர் வாட்ச் கட்டாயம். கையில தீயணைப்பு சிலிண்டர் இருக்கணும். கோபப்படுறவரு வேலைய முடிச்சதும் ஃபயர் வாட்ச் உடனே போயிரக் கூடாது. அரை மணி நேரம் பக்கத்துலயே நின்னு, உள்ளுக்குள்ள எங்கயும் கனல் மிச்சம் இல்லன்னு உறுதி பண்ணணும். பெர்மிட் எட்டு மணியிலேருந்து ஒன்பது மணி வரைக்கும். அதுக்கு வெளிய யாரும் கோபப்படக் கூடாது. புரிஞ்சுதா?"

"சார்," என்றான் செல்வசிங், "கோவம் பத்திக்கிட்டா நான் என்ன செய்யணும்? இவன் மூஞ்சில பீச்சி அடிக்கணுமா?"

"முதல்ல தோளத் தொடணும். கேக்கலன்னா தண்ணி பாட்டில் குடுக்கணும். சிலிண்டர் கடைசி கட்டம்."

ஃபயர் வாட்ச் வேலைக்குச் செல்வசிங்கையே போட்டார்கள். ஏசி மெக்கானிக் என்பதால் குளிர வைப்பதில் அனுபவம் இருக்கும் என்று கருதப்பட்டது.

ரிபாய்க்கும் ஒரு தனி அறிவுரை வழங்கப்பட்டது. சனிக்கிழமை எக்காரணம் கொண்டும் தொப்பியைக் கழற்றக் கூடாது. மன்றத்தின் சின்னம் பொறித்த ஒரு புதுத் தொப்பியையும் கொடுத்தார்கள். "யா அல்லாஹ், கழட்டவே மாட்டேன், போதுமா?" என்றார் ரிபாய். தொப்பி அவருக்குக் கொஞ்சம் இறுக்கம்.

சனிக்கிழமை வந்தது. முன்வரிசைகளில் தூதர்களும் வங்கிக்காரர்களும் அவர்களின் மனைவியரும் அமர்ந்தார்கள். அழைப்பிதழில் 'வரலாற்றுச் சிறப்புமிக்க கலவரத்துடன் கூடிய மாலை விருந்து' என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தது. பலர் அதற்காகவே வந்திருந்தார்கள். பின்வரிசைகளில் முன்னூறு பேர். பஞ்சுத் தக்காளிகள் மடியில். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கோட்டும் கழுத்துப்பட்டையும் அவர்களுக்கு மாட்டிவிடப்பட்டிருந்தன. நடுவில் சோலைமுத்து, அவனுக்கு அருகே சிலிண்டருடன் செல்வசிங்.

திரை உயர்ந்தது. அலமாரித் தலையன் தையல் எந்திரத்தைக் கட்டிக்கொண்டு சுழன்றான். தட்டச்சு எந்திரம் தட்டியது. ஒத்திகையில் சோலைமுத்துவுக்கு எல்லாம் துண்டு துண்டாகத்தான் காட்டியிருந்தார்கள். இன்றுதான் முழுதாகப் பார்த்தான். மணப்பெண் ஏணியில் ஒரு படி ஏறி நின்றாள். கீழே பார்த்தாள். யாரோ கூப்பிடுவார்கள் என்பதுபோல நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. அடுத்த படி ஏறினாள். அவன் தன் வாசகத்தை மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடேய்," என்று செல்வசிங் இடித்தான். "அவ உச்சிக்குப் போனதும் சங்கு. அப்ப நீ எந்திக்கணும். தூங்கிராத."

"இல்ல. பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பாக்கதுக்கா ஒன்னக் கூட்டிட்டு வந்துருக்கு? லீவ நெனச்சுக்கோ மக்கா."

மணப்பெண் உச்சியை அடைந்தாள். கப்பல் சங்கு ஊதியது. ஒத்திகையில் பதிவு செய்த சங்கைத்தான் போட்டிருந்தார்கள். இன்று மன்றம் துறைமுகத்திலிருந்து உண்மையான சங்கையே தருவித்திருந்தது. அரங்கத்தின் சுவர்கள் நடுங்கின. சோலைமுத்து எழுந்து வாயைத் திறந்தான். ஓரத்தில் நின்ற ரிபாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கைகளும் தலைக்குப் போயின. இறுக்கமான புதுத் தொப்பி கழன்று அவர் கைக்கு வந்துவிட்டது.

முன்னூறு பேரும் கைதட்டினார்கள்.

வருடக்கணக்கான பழக்கம். யாரும் யோசிக்கவில்லை. கைதட்டல் ஒரே சீராக, ஒரே வேகத்தில், கொட்டகைக் கூரையில் மழை பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. தொப்பி தலைக்கு ஏறினால் அது நின்றிருக்கும். ஆனால் ரிபாய் செய்துவிட்ட காரியத்தின் பயத்தில் உறைந்துபோய், அந்தத் தொப்பியை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நிற்க நிற்க அவர்கள் தட்டினார்கள். தட்டச்சு எந்திரம் கேட்கவில்லை, வயலின் கேட்கவில்லை. முன்வரிசையில் ஒரு தூதர் திரும்பிப் பார்த்தார். பின்னால் இத்தனை பேர் நெகிழ்ந்திருக்கும்போது தனக்குப் புரியவில்லை என்று காட்டிக்கொள்ள முடியுமா? அவரும் தட்டினார். அவர் எழுந்ததால் பக்கத்து வங்கிக்காரரும் எழுந்தார். ஒட்டகச்சிவிங்கி தொலைபேசியை ஈன்றெடுத்த தருணத்தில் அரங்கமே எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தது. நடுவில் வாய் திறந்தபடி நின்ற சோலைமுத்து, தன் கைகளும் தட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தான்.

மன்றத்தின் வரலாற்றில் அவ்வளவு பெரிய தோல்வி அதுவரை நடந்ததில்லை.

விருந்தினர்கள் மனநிறைவோடு உணவுக் கூடத்துக்குப் போன பிறகு, அரங்கத்தின் வெளிக்கூடத்தில் சேதுமாதவன் தொழிலாளர்கள் முன் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"பாராட்டு! நூறு ஆண்டுகளில் இந்தப் பாலேவுக்கு இப்படியொரு அவமரியாதை நடந்ததில்லை. உலகம் நம்மைப் பற்றி என்ன நினைக்கும்? இங்கே ஒரு கலவரம்கூட ஒழுங்காக நடக்காது என்று நினைக்காதா? ஒழுங்கீனத்தைக்கூட ஒழுக்கமாகச் செய்யத் தெரியாத உங்களை நம்பி நான் மேலிடத்துக்கு வாக்குக் கொடுத்தேனே!"

ரிபாய் தொப்பியைத் தலையில் வைத்துவிட்டார். காலம் கடந்துவிட்டிருந்தது.

சோலைமுத்து முன்னால் வந்தான். "சார், எம் பேப்பரு."

"என்ன பேப்பர்?"

"லீவு பேப்பரு சார். இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்னு சொன்னீங்க."

"நீ கத்தினாயா?"

"எந்திரிச்சேன் சார். வாயத் தொறந்தேன்."

"கத்தினாயா, கத்தவில்லையா?"

"அதுக்குள்ள தொப்பி..."

"கலவரம் நடந்தால்தான் விடுவிப்பு. அடுத்த மாதம் மறு நிகழ்ச்சி வைத்தாக வேண்டும். முதல் குரல் இல்லாமல் எப்படி? ஆபரேஷன்தானே. தள்ளிப்போட்டுக் கொள்ளச் சொல். ஏற்கெனவே தள்ளிப்போட்டதுதானே."

சோலைமுத்து பேசாமல் நின்றான். செல்வசிங்குக்கு அந்த மௌனம் தெரியும். அது சாப்பிடாமல் கிடக்கிற ராத்திரிகளின் மௌனம். அது முடிந்து இன்னொன்று தொடங்குவதை அவன் அன்றுதான் முதலில் பார்த்தான்.

"தள்ளிப்போடவா?" என்றான் சோலைமுத்து. இருபதாவது மாடியின் குரல் அது. உணவுக் கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. "ரத்தமாப் போகுதுய்யா அவளுக்கு! எத்தன வாட்டிய்யா தள்ளிப்போடுறது? ஒங்க ஒட்டகச்சிவிங்கி போனு பெத்தாக் கைதட்ட முன்னூறு பேரு வேணும். எம் பொண்டாட்டி பக்கத்துல நிக்க ஒரு ஆளு கெடையாதா? நர்சு கேக்குதுய்யா, அவளுக்குப் புருசன் இருக்கானான்னு கேக்குதுய்யா! நீ போய்ச் சொல்றியா, இருக்கான், இங்கன கோட்டு மாட்டிவிட்டு ஒக்கார வச்சிருக்கோம்னு? வாய்யா, வந்து சொல்லு!"

அவன் கையிலிருந்த பஞ்சுத் தக்காளி சேதுமாதவனின் நெற்றியில் பட்டு, ஓசையில்லாமல் தரையில் விழுந்தது. அவன் நிறுத்தவில்லை. ஒன்பது வருடத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டான். இத்தாலி நாற்காலி ஒன்று, யாரும் தொடாமலேயே, உடைந்தது.

விஜயபாஸ்கர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பது பத்து. "பெர்மிட் முடிஞ்சிருச்சு!" என்று பதறினார். "ஃபயர் வாட்ச்! என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற? தோளத் தொடு!"

செல்வசிங் சிலிண்டரைத் தரையில் வைத்து அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டான். "எனக்கும் பெர்மிட் முடிஞ்சுட்டு சார்," என்றான். "இனி நான் எதுக்கு அணைக்கணும்?"

சத்தம் கேட்டு இயக்குநர் ஓடிவந்தார். கண்கள் பளபளக்க அகிலாவின் கையைப் பிடித்து, அந்த மனிதர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். அகிலா சோலைமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, லீவு கேட்கிறார் என்றாள். அவ்வளவுதானா என்று இயக்குநர் கேட்டார். அவ்வளவுதான் என்றாள். இதை ஏன் மேடை நேரத்தில் வைக்கவில்லை என்று இயக்குநர் ஆதங்கப்பட்டார். சேதுமாதவன் நெற்றியைத் துடைத்தபடி, இந்த வாசகத்துக்குக் குழுவின் ஒப்புதல் இல்லை என்று விளக்கினார்.

விசாரணை மறுநாளே முடிந்தது. சோலைமுத்து அனுமதிச் சீட்டு இல்லாமல், வரையறுக்கப்பட்ட நேரத்துக்குப் பின், வரையறுக்கப்பட்ட இடத்துக்கு வெளியே ஹாட் ஒர்க் செய்தது நிரூபணமாயிற்று. கோபப்பட்டதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை. கோபத்தை மன்றம் மதிக்கிறது. செல்வசிங்குக்கு எச்சரிக்கைக் கடிதம். ரிபாய்க்குத் தொப்பியில்லாத ஒரு கிடங்குக்கு மாற்றல். சோலைமுத்துவுக்கு விசா கேன்சல், ஒரேயடியாக ஊருக்கு அனுப்பிவிடும் உடனடி எக்ஸிட். லீவுக்கு ஏழு கையெழுத்துகள் வேண்டும், அவை இரண்டு வருடமாகக் கிடைக்கவில்லை. எக்ஸிட்டுக்கு ஒரே கையெழுத்துதான். அது தேநீர் ஆறுவதற்குள் கிடைத்துவிட்டது.

மன்றத்தின் ஆண்டறிக்கை அந்த மாலையை ஒரே வரியில் குறிப்பிட்டது: 'பார்வையாளர் பங்கேற்பு எதிர்பார்ப்பை மிஞ்சியது.'

செல்வசிங் விமான நிலையம்வரை வந்தான். உள்ளே போகுமுன் பெட்டியை நகர்த்திக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் கத்துன மக்கா," என்றான். இருவரும் கொஞ்ச நேரம் தள்ளுவண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வியாழக்கிழமை காலை அரசு ஆஸ்பத்திரியில், நர்ஸ் காட்டிய இடத்தில் சோலைமுத்து கையெழுத்துப் போட்டான். நர்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டு போனாள். நாகவள்ளி பச்சைத் துணியில், தள்ளுபடுக்கையில் கிடந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. இருந்தாலும் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"எத்தன நாளு லீவு குடுத்துருக்காக?"

அவன் படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் எப்போதும்போலக் காத்திருந்தாள்.

"இந்த வாட்டி நாளு எதுவும் சொல்லல," என்றான்.

"பாத்தீங்களா?" என்றாள் நாகவள்ளி. "கேட்டாக் குடுக்கத்தான் செய்றாக. நீங்கதான் வாயத் தொறந்து கேக்க மாட்டீங்க."